நிலாக் கையுறையும் அர்லீனின் கட்டைவிரலும்

நிலாவுக்கு மறுபடி ஆள் அனுப்பப் போகிறோம் என்று சொல்லி, அர்லீன் வோஷெல் வேலை பார்த்த தையல்கூடத்தில் மூன்று முறை கேக் வெட்டியிருக்கிறார்கள். முதல் கேக் வெட்டியபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. இரண்டாவது நாற்பதில். இரண்டு தடவையும் சில வருஷத்தில் திட்டத்தை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டார்கள். அதற்கு யாரும் கேக் வெட்டவில்லை.

மூன்றாவது கேக்குக்கு அவளுக்கு ஐம்பத்தைந்து. "இந்தத் தடவை எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வரப் போவதில்லை, போய்த் தங்கப் போகிறோம்" என்று மேலாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு உருகினார். பக்கத்தில் நின்ற சக தையல்காரி யூனிஸ், அர்லீனின் காதில், "தங்கறவங்க தங்கட்டும்டி, நம்ம ஓவர்டைம் தங்கினா போதும்" என்றாள். அர்லீன் சிரிப்பை அடக்க கேக்கை வாயில் திணித்துக்கொண்டாள். அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும்.

அமெரிக்காவின் டெலவேரில் எங்கள் கென்ட் மாவட்டப் பக்கம் கோழிப் பண்ணையும் சோயா வயலும்தான். காற்று திசை மாறினால் தையல்கூடத்துக்குள்ளும் கோழி எரு நாற்றம் வரும். அந்த நாற்றத்துக்கு நடுவே உட்கார்ந்துதான் எங்கள் ஊர்ப் பெண்கள் நிலாவில் நடப்பவர்களுக்கு உடுப்புத் தைக்கிறார்கள். மூளைக்காரர்கள் வேறு எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்கள் போடுகிற படத்தைப் பார்த்து ஊசி பிடிப்பது இவர்கள்.

அர்லீன் இருந்தது கையுறைப் பிரிவில். முன்பு நிலாவுக்குப் போனவர்கள் அதிகம் போனால் மூன்று நாள் இருந்து கல் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதற்கே கையெல்லாம் புண். இப்போது போகிறவர்கள் அங்கே வீட்டை நிறுத்த வேண்டும், திருகாணி முடுக்க வேண்டும், நாளெல்லாம் மண் வாரிக் கொட்ட வேண்டும். அந்த மண்ணோ பொடித்த கண்ணாடி மாதிரி அறுக்கும். எல்லாம் கையில்தான் வந்து நிற்கிறது. அதனால் கையுறைப் பிரிவுக்காரிகளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கால்சட்டை தைப்பவர்களோடு அவர்கள் சேர்ந்து சாப்பிட மாட்டார்கள்.

ஒரு கையுறைக்கு ஒரு ஊசி. தைத்து முடித்ததும் ஊசி முனையைக் கட்டைவிரலில் லேசாக அழுத்திப் பார்க்க வேண்டும். குத்தினால் முனை முழுசாக இருக்கிறது என்று அர்த்தம், குத்தாவிட்டால் முனை உடைந்து கையுறைக்குள் எங்கோ கிடக்கிறது. பிறகு ஊசியை ஓர் அட்டையில் டேப் போட்டு ஒட்டி, கையுறையின் எண்ணை எழுத வேண்டும். அது முடிந்ததும் வெறும் விரலைக் கையுறைக்குள் விட்டு, ஒவ்வொரு தையலையும் தடவிப் பார்க்க வேண்டும். உடைந்த முனையைத் தேடுகிற எக்ஸ்ரே அதற்கு முந்தைய கட்டத்திலேயே முடிந்துவிடும், கடைசித் தையலுக்கு விரல்தான் காவல். தைத்தவள் ஒரு தரம் தடவுவாள், சரிபார்ப்பவள் ஒரு தரம் தடவுவாள். இரண்டு பேரும் தங்கள் முத்திரையைக் காகிதத்தில் குத்த வேண்டும். முத்திரை என்றால் சட்டைப் பொத்தான் அளவு ரப்பர், அதில் ஓர் எண். தைக்கிற அர்லீனுக்கு 114. சரிபார்க்கிற யூனிஸுக்கு 87. முப்பத்தெட்டு வருஷமாக 114 குத்திய இடத்துக்குப் பக்கத்தில் 87 இருக்கும்.

கையுறைப் பிரிவுக்கு எடுக்கும்போது ஒரு பரீட்சை வைப்பார்கள். தலைமுடி ஒன்றை மேஜையில் வைத்து, மேலே டெலிபோன் புத்தகத்தின் ஒரு தாளைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு முடி எங்கே என்று விரலால் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ஒரு தாளுக்கு அடியில் கண்டுபிடித்தால் உள்ளே வரலாம். இரண்டு தாள் என்றால் கெட்டிக்காரி. அர்லீன் நான்கு தாளுக்கு அடியில் கண்டுபிடித்தாள். அலமாரிக் கதவின் உட்பக்கம் பென்சிலால் அவள் பெயரையும் 4 என்ற எண்ணையும் யாரோ எழுதி வைத்தார்கள். அது இன்னும் அழியவில்லை.

போன வருஷம் அவளுக்குக் குடலில் புற்றுநோய். அறுத்து எடுத்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாகப் பன்னிரண்டு தடவை மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்து ஓடும்போது குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் கரண்ட் அடித்த மாதிரி இருந்தது. எல்லாம் முடிந்ததும் அது நின்றுபோய், விரல் நுனிகள் மரத்துவிட்டன. "சரியாகலாம். ஆகாமலும் இருக்கலாம்" என்றார் டாக்டர். ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்று அவர் சொன்ன அன்று அவள் கணவன் ராய்ஸ் கார் நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து ஓவென்று அழுதான். அர்லீன் எதிரே இருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. மரத்துப்போனது விரல் மட்டுமில்லை என்று அவளுக்கு அப்போதே தெரியும், ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது.

ஏப்ரலில் வேலைக்குத் திரும்பினாள். கண் பரிசோதனை செய்தார்கள், அது வருஷா வருஷம் உண்டு. விரலுக்கு எந்தப் படிவமும் கிடையாது. கண்ணாலேயே தைத்தாள். மிஷின் சத்தத்தை வைத்தே நூலின் இழுப்பைத் தெரிந்துகொண்டாள். தையல் முன்பு போலவே நேராக வந்தது. ஊசியைக் கட்டைவிரலில் வைத்து அழுத்துவாள், குத்தாது. சரியாகத்தான் இருக்கும் என்று அட்டையில் ஒட்டுவாள். கையுறைக்குள் விரலை விடுவாள், ஒன்றும் தட்டாது. 114 குத்துவாள். இன்றைக்கு இல்லாவிட்டாலும் அடுத்த வாரம் உணர்ச்சி வந்துவிடும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தாள். இப்படியே ஆகஸ்டுக்குள் பதினொரு கையுறை முடிந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை அவை ஹூஸ்டன் விண்வெளி மையத்துக்குப் புறப்பட வேண்டும். அங்கே காற்றில்லாத அறையில் ஆட்கள் அவற்றைப் போட்டுக்கொண்டு பழகுவார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் பீச் பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தீயணைப்புக் கூடத்தில் சனிக்கிழமை ஊர் விருந்து, அவள் பங்குக்கு மாவுக்குள் பழம் வைத்துச் சுடுகிற 'பை' இரண்டு. ராய்ஸ் சோடா எடுக்க வந்தவன் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு நின்றான்.

"என்ன இது, செர்ரியும் போட்டியா?"

"இல்லியே."

"அப்போ இது என்ன சிவப்பு?"

அவள் இடது கட்டைவிரலைப் பார்த்தாள். கத்தி ஆழமாக இறங்கியிருந்தது. எப்போது பட்டது என்று தெரியவில்லை. பழத்தில் பாதி ரத்தம். ராய்ஸ் துணியைச் சுற்றி அழுத்திப் பிடித்தான். அவன் முகம் சுளித்தது, அவள் முகத்தில் ஒன்றுமில்லை.

"வலிக்குதா?"

"இல்ல."

"கொஞ்சங்கூடவா?"

கட்டுப் போட்டு முடிந்ததும் அவள் சமையல் மேஜையில் உட்கார்ந்து, தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினாள். மருந்துக்குப் பிறகு முளைத்த முடி, நரைத்துச் சுருண்டிருந்தது. அதை மேஜையில் வைத்து, மேலே சர்ச் அறிக்கைத் தாளைப் போட்டாள். கண்ணை மூடி வலது கையால் தடவினாள். மேலிருந்து கீழே தடவினாள், திரும்பவும் தடவினாள். பிறகு தாளை எடுத்துவிட்டு முடியின் மேலேயே விரலை வைத்தாள். அப்போதும் தெரியவில்லை. நான்கு தாள்காரியின் விரல் அது.

"ராய்ஸ், நான் பதினொண்ணுக்கு முத்திரை குத்தியிருக்கேன்."

அவனுக்கு விஷயம் புரியச் சற்று நேரம் பிடித்தது. கோழி லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன், ஆனால் முத்திரை என்றால் என்னவென்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அக்டோபர்ல உனக்கு அடுத்த ஸ்கேன்."

"தெரியும்."

"இன்சூரன்ஸ் உன் வேலையிலதான் ஒட்டிக்கிட்டு இருக்கு."

"அதுவும் தெரியும்."

"வெள்ளிக்கிழமை அது பாட்டுக்குப் போகட்டும். அப்புறமா கை சரியில்லன்னு சொல்லி வேற பிரிவுக்குப் போயிடு. யூனிஸும்தானே பாத்திருக்கா? அவ கை நல்ல கைதானே?" ராய்ஸ் கெட்டவன் இல்லை. பயந்தவன். ஒரு வருஷம் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே தேய்ந்தவன். அவள் அவன் கையைத் தட்டிக் கொடுத்தாள். அவன் கை சூடாக இருக்கிறதா என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

வியாழன் காலை, வேலை தொடங்க அரை மணி இருக்கும்போதே போய், யூனிஸின் காரில் ஏறி உட்கார்ந்தாள். யூனிஸ் எப்போதும் முன்னதாக வந்து, பொரித்த பன்றிக்கறிக் கட்டியை ரொட்டிக்குள் வைத்துக் காருக்குள்ளேயே சாப்பிடுவாள். வீட்டில் மருமகள் கொழுப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்வாளாம்.

"கட்டைவிரல்ல என்ன?"

"பீச் நறுக்கினேன்."

"உன்னையும் சேத்து நறுக்கிட்டியா?"

அர்லீன் சொன்னாள். ஊசி குத்தாததையும் முடி தெரியாததையும் சொன்னாள். யூனிஸ் மென்றுகொண்டே கேட்டாள். ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியும்டி," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ வந்த மறுவாரமே தெரியும். அயர்ன் பெட்டி ஓரத்துல கையை வச்சுக்கிட்டு ஏதோ பேசிக்கிட்டு நின்ன. தோல் பொசுங்கற வாடை எனக்குத்தான் வந்துச்சு. நான்தானே உன் கையை இழுத்தேன்? நீ என்னன்னா, ஏண்டி இழுக்கறேன்னு கேட்ட."

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொல்லி? உன்னை வெளிய அனுப்பவா? ஒரு வருஷம் சாவோட மல்லுக்கட்டிட்டு வந்திருக்க. அதான் உன் பங்கையும் சேத்து நானே தடவினேன். ஒவ்வொண்ணையும் ரெண்டு தரம். ஒண்ணுமே தட்டுப்படல. போதுமா? போய் வேலையப் பாரு."

இந்த இடத்தில் அர்லீனுக்கு நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். இவளுக்காக ஒருத்தி நான்கு மாதம் இரட்டை வேலை பார்த்திருக்கிறாள். பதினொன்றையும் ஒரு நல்ல கை தொட்டிருக்கிறது. வாயை மூடிக்கொண்டு உள்ளே போகலாம். அர்லீன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். பிறகு ஏனென்று அவளுக்கே தெரியாமல் கைப்பையிலிருந்து சர்ச் தாளை எடுத்தாள். நேற்றைய முடி அதற்குள் இருந்தது. யூனிஸின் மடியில் கிடந்த டிபன் பெட்டி மூடியைத் திருப்பி, முடியை வைத்து, தாளால் மூடினாள்.

"எனக்கே பரீட்சையா?" யூனிஸ் சிரித்தாள். "எனக்கு இந்தப் பரீட்சை வச்சவ செத்தே இருபது வருஷமாச்சு."

"ஒரு தாள்தான்."

யூனிஸ் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். தடவினாள். "இங்க," என்றாள். அர்லீன் தாளைத் தூக்கிக் காட்டினாள். முடி மறுபக்கம் கிடந்தது.

"காகிதம் தடியா இருக்கு. டெலிபோன் புஸ்தகத் தாள் மெல்லிசா இருக்கும்."

"சரி, திரும்பப் பாரு."

இந்த முறை யூனிஸ் மெதுவாகத் தடவினாள். சிரிப்பு போய்விட்டது. விரலை மாற்றினாள், கையை மாற்றினாள். நாற்பது வருஷம் ஊசியும் முரட்டுத் துணியும் பிடித்த விரல்கள், நுனியெல்லாம் காய்ப்பு. "இங்க?" என்றாள். இந்தத் தடவை அது கேள்வியாக வந்தது. அங்கேயும் இல்லை.

காருக்குள் ரொட்டியின் எண்ணெய் வாசனை அப்படியே நின்றது. வெளியே ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணும் தட்டுப்படல," யூனிஸ் சொன்னாள். "அதனால ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான்."

"எத்தனை வருஷமா இப்படியோ, யார் கண்டா? உன் கை நாலு தாள் கை. நீ சரின்னா சரின்னு நானும் குத்திக்கிட்டே வந்திருக்கேன். கடைசியா நிஜமா எப்போ தொட்டுப் பாத்தேன்னே தெரியலடி."

யூனிஸுக்கு ஓய்வூதியம் முழுசாக வர இன்னும் பதினெட்டு மாதம் இருந்தது. அது அர்லீனுக்குத் தெரியும். "என் நம்பரை மட்டும் சொல்றேன்," என்றாள். "உன்னை நான் இழுக்கல."

"என் நம்பர் பக்கத்துலயே உக்காந்திருக்கு. உன்னுதைப் பாக்கறவன் அதைப் பாக்காம கண்ணைப் பொத்திக்குவானா?" யூனிஸ் மிச்ச ரொட்டியைக் காகிதத்தில் மடித்தாள். "சும்மா இருந்துட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"கோணச் சுண்டுவிரலுக்குத் தெரியும்."

நிலாவுக்குப் போகிறவர்களின் கையைப் பிளாஸ்டரில் வார்த்து அனுப்பியிருந்தார்கள், அந்த அளவுக்குத்தான் கையுறை. பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஏழாம் எண் கையுறைக்கு உரிய கையில் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். சின்ன வயதில் காரின் கதவில் நசுங்கியிருக்கும் என்று அர்லீன் சொல்வாள், பந்து பட்டிருக்கும் என்று யூனிஸ் சொல்வாள். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஆனால் அந்தச் சுண்டுவிரலுக்காகத் தனியாக வெட்டு வரைந்து, மூன்று தடவை பிரித்துத் தைத்தது அவர்கள்தான்.

யூனிஸ் வாய்க்கு வந்த கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னாள், யாரையும் குறித்து இல்லை. பிறகு கையைத் துடைத்துவிட்டுக் காரின் கதவைத் திறந்தாள். "வா. எனக்கு முட்டி வலிக்குது, மெதுவா நட."

தரப் பிரிவுத் தலைவர் கீத் தார்ப் அப்போதுதான் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். இருவரும் உட்காரவில்லை. அர்லீன் 114ஐ மேஜையில் வைத்தாள். யூனிஸ் 87ஐ வைத்தாள். அர்லீன் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை, வேறு யாரோ செய்ததைச் சொல்வது போல இருந்தது. தார்ப்பின் முகம் வெளுத்துப்போனது.

"பதினொண்ணுமா, மிஸ் அர்லீன்?"

"பதினொண்ணும்தான்."

"நாளைக்கு வண்டி வருது."

"அதனாலதான் இன்னைக்கு வந்தோம்," என்றாள் யூனிஸ்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று யூனிஸ் பிறகு சொன்னாள். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை வண்டி கையுறை இல்லாமல் போனது. நிலாவில் தங்கப்போகிற திட்டத்தில் ஒரு தேதி தள்ளிப்போனதாகவும், காரணம் தொழில்நுட்பம் என்றும் டிவியில் ஒரு வரி சொன்னார்கள். ராய்ஸ் டிவியை அணைத்துவிட்டு வெளியே போய்ப் புல் வெட்டினான். புல் இரண்டு நாள் முன்புதான் வெட்டியிருந்தது.

சனிக்கிழமை விருந்துக்கு அர்லீன் கடையில் வாங்கிய 'பை' பண்டத்தை எடுத்துப் போனாள். கால்சட்டைப் பிரிவுக்காரிகள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கோழியும் மாவுத் துண்டும் போட்ட குழம்பைத் தட்டில் வைத்துக்கொண்டு யூனிஸும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ருசி தெரிந்ததா என்று கேட்டிருந்தாலும் அர்லீனால் சொல்லியிருக்க முடியாது.

ஒன்பதாம் நாள் தார்ப் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் ஊசி அட்டைகள் வரிசையாக இருந்தன. அவர் ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். டிசம்பர் முடியறவரைக்கும் ரெண்டு பேருக்கும் இன்சூரன்ஸ் இருக்கும், மேல பேசிட்டேன். அதுக்கப்புறம் என் கையில இல்ல. முத்திரை திரும்ப வராது." இருவரும் தலையாட்டினார்கள். "பத்து கையுறை சுத்தமா இருக்கு."

அர்லீன் பத்தை மனதுக்குள் பதினொன்றிலிருந்து கழித்தாள்.

தார்ப் ஓர் அட்டையை அவள் பக்கம் தள்ளி, பூதக்கண்ணாடியை அதன் மேல் வைத்தார். டேப்புக்கு அடியில் அவள் ஒட்டிய ஊசி. வெறும் கண்ணுக்கு முழு ஊசிதான். கண்ணாடி வழியே பார்த்தால் முனை மொட்டை. அட்டையில் அவள் கையெழுத்தில் 7 என்று இருந்தது.

"இடது கை, ஆள்காட்டி விரல், உள்பக்கம்," என்றார் தார்ப். "உடைஞ்ச முனை காத்தடைக்கிற ரப்பரை ஒட்டினாப்புல படுத்திருந்துச்சு. காத்தில்லாத அறையில நாலஞ்சு தரம் கையை மடக்கியிருந்தா ரப்பரைக் குத்தியிருக்கும். அங்க குத்தலன்னா நிலாவுல."

தார்ப் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து வைத்தார். அடியில் கறுப்பாக ஒரு துளி இரும்பு, எறும்பின் கால் அளவுகூட இல்லை.

"எடுக்கறப்போ குத்திடுச்சு," என்று பிளாஸ்திரியைக் காட்டினார்.

"வலிச்சுதா?" அர்லீன் கேட்டாள்.

"சுருக்குன்னு இருந்துச்சு, மிஸ் அர்லீன்."

"நல்லா வலிச்சுதா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "ஆமா. கையை உதறிட்டேன்."

அவள் வலது கட்டைவிரலை நீட்டினாள். அவருக்கு விருப்பமில்லை, ஆனால் இடுக்கியால் முனையை எடுத்து அவள் விரல் நுனியில் வைத்தார். அவள் இன்னொரு விரலால் அதை அழுத்தினாள். ஏப்ரலிலிருந்து பதினொரு முறை அழுத்திய அதே இடம்.

"இருக்காடி?" யூனிஸ் கேட்டாள்.

அர்லீன் கண்ணை மூடினாள். முனை அங்கே இல்லை. கண்ணைத் திறந்தாள். ஒரு பொட்டு ரத்தத்துக்கு நடுவே அது நின்றுகொண்டிருந்தது.

"பாத்தாத்தான் இருக்கு," என்றாள்.